கமலவேணி படித்துப் பார்த்த தீர்மானம்

என் மனைவி கமலவேணி இறந்து ஒரு வருடம் ஆகிறது. திருமானூர் ஒன்றியத்தில் மேட்டுப்பக்கம் இருக்கிறது எங்கள் ஊர். 1996 தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்ணுக்கு ஒதுக்கிவிட்டதால், எனக்குப் பதிலாக அவளை நிறுத்தினேன். ஜெயித்த அன்று பூமாலை என் கழுத்தில்தான் விழுந்தது.

தீர்மானப் புத்தகத்தின் வெற்றுப் பக்கங்களில் அவள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவாள். பிறகு நானும் எழுத்தர் அரியமுத்துவும் மேலே எழுதிக்கொள்வோம். அப்போது பல ஊர்களில் இதுதான் நடைமுறை.

ஒருநாள் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது பத்திரிகை வாசித்துக் காட்டினேன். கரீபியன் கடலில் டொமினிக்கா என்றொரு சின்னத் தீவு. அங்கே யூஜீனியா சார்லஸ் என்ற அம்மாள் பதினைந்து வருடம் பிரதமராக இருந்தாராம்.

"அவங்க வூட்டுக்காரரு என்ன பண்றாராம்?"

"கல்யாணமே கட்டிக்கலையாம்."

"அதான் பதினஞ்சு வருசம் ஓட்டிருக்காங்க."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுவாங்களோ?"

"வக்கீலு அவங்க. படிக்காமயா போடுவாங்க?"

"நானும் எட்டாவது படிச்சிருக்கேன்" என்றாள். நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

மறு வருடம் ஊருக்கு ஒரு ஆழ்குழாய்க் கிணறு கிடைத்தது. மார்ச் முடிவதற்குள் இடத்தைத் தீர்மானித்து அனுப்பாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். என் பங்காளி சாமிதுரையின் கொல்லை ஓரத்தில் போடுவதாக அவனிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கையெழுத்துப் போட்ட பக்கங்கள் தீர்ந்திருந்தன. புத்தகத்தை நீட்டினேன்.

"எடத்த எழுதிக் குடுங்க. படிச்சுட்டுப் போடறேன்."

"தலைவரம்மா சட்டம் பேசுறாங்கண்ணே" என்று அரியமுத்து சிரித்தான்.

"சாமிதுரைகிட்ட சொல்லிட்டேன். எம் மானம் போவுது" என்றேன்.

"அவரு கொல்லையில ரெண்டு கெணறு கெடக்கு. காலனிப் பொம்பளைங்க ஒரு கொடத்துக்கு ஒரு மைல் நடக்குறாங்க. நீங்க குடுத்த வாக்கு, நீங்களே போயி சொல்லிடுங்க."

நாலு நாள் அவளுடன் பேசவில்லை. அவள் புத்தகத்தைத் தொடவும் இல்லை. மார்ச் முப்பதாம் தேதி காலையில், காலனிப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். விரலை வரிவரியாக ஓட்டி வாசித்தாள். வழக்கம்போல முன்மொழிந்தவர் என்று என் பெயரை எழுதியிருந்தேன். அதை ஒரே கோடாக அடித்தாள்.

"நீங்க மெம்பர் இல்லீங்களே."

கிணறு போட்ட அன்று நான் போகவில்லை. சாமிதுரை முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது. மதியம் அவள் திரும்பியபோது முழங்கால் வரை சேறு.

"நூத்தி அறுவது அடியில தண்ணி வந்துடுச்சுங்க."

நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோறு போடு என்றேன்.