நிழலில் இருந்த தக்காளி

அக்பிலே களியைக் கிண்டத் தொடங்கிவிட்டால் கையை எடுக்கக் கூடாது, கட்டி தட்டிவிடும். மாவுசி சட்டியிலிருந்து பார்வையைத் திருப்பாமலே, "ம், மேல படி" என்றாள்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த மகள் செனம், பள்ளிப் பிள்ளைகள் செய்த அறிவியல் சோதனைகளைப் பற்றிய கட்டுரையைச் சேற்றில் கால் பதிக்கிறவளைப் போலச் சொல் சொல்லாகக் கடந்துகொண்டிருந்தாள். நாளை வகுப்பின் முன் நின்று அதைப் பற்றிப் பேச வேண்டும். போன தடவை வாய் திறக்காமலே திரும்பி வந்துவிட்டாள். இன்னொரு முறை அப்படியானால் கீழ்வகுப்புக்கு அனுப்பிவிடுவதாக ஆசிரியை சொல்லியிருந்தார். அதற்காக மகளைவிட அதிகம் அழுதது தான்தான் என்பதை மாவுசி யாரிடமும் சொன்னதில்லை.

"பரிசு வாங்கின பையன் என்ன செஞ்சான்?"

"ஈரச் சாக்கு சுத்தின பானைக்குள்ள தக்காளி வெச்சான். அது அழுகல. வெளிய வெச்சது அழுகிடுச்சு."

"அவ்வளவுதான். நாளைக்கும் இதையே சொல்லிடு."

முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்த பக்கத்து அறை யாவா சிரித்தாள். "அந்தப் பானைக்குப் பேசக் கத்துக் குடு அக்கா, இவளுக்கு முன்னால அது பேசிடும்!"

செனம் அதைக் காதில் வாங்கவில்லை. "அம்மா, பானை மாமரத்தடியில இருந்துச்சுன்னு போட்டிருக்கு. மத்த தக்காளி கூரை மேல, வெயில்ல. அப்போ அழுகாம காப்பாத்தினது பானையா, நிழலா?"

மாவுசியின் கை நின்றது. அச்சில் வந்ததை அவள் விழுங்கித்தான் பழகியிருந்தாள். திருப்பிக் கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை. இந்தப் பெண் பேசாமல் நின்றது ஒன்றும் தெரியாமல் அல்ல போலிருக்கிறது. 'இதையெல்லாம் நாளைக்குக் கேட்டு வைக்காதே' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பயம் தன்னுடையது, மகளுடையது அல்ல என்று தெரிந்ததும் அதை உள்ளேயே அடக்கிக்கொண்டாள்.

"இதையே டீச்சர்கிட்ட கேளு."

"திட்டினா?"

"திட்டட்டும். திட்டி முடிச்சதும் மறுபடி கேளு."

"அக்கா, அடிப்பிடிக்குது!" என்று கத்தினாள் யாவா.

"பிடிக்கட்டும். என் பொண்ணு கேட்டதைக் கேட்டியா நீ?"

"இரும்மா," என்றாள் செனம். "பானைக்கு வெளிய, நிழல்லயும் ஒரு தக்காளி வெச்சிருந்தானோ என்னவோ. நான் படிக்காம விட்டிருப்பேன்."

யாரும் சொல்லாமலே கட்டுரையின் தொடக்கத்துக்குப் போனாள். உயர்த்திப் பிடித்த தாளுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. வெற்றுக் கால்விரல்கள் மட்டும் படியை வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தன.