அழகுக்காக எழுதிய ஒரு வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. போன வாரம் செஞ்சியில் மழைக்கு ஒதுங்கிய கடைக்குள் மேசை நிறையப் பழைய மீட்டர்கள், வட்டத் திரையில் பச்சைக்கோடு ஓடும் பெட்டிகள், நடுவே நாற்பத்தைந்து வயது ஆண்டாள். காயலான் கடையில் எடைக்குப் போட்டதை வாங்கிவந்து, உயிர்கொடுத்து, முள் சரியான அளவில் நிற்கும்படி செய்கிறவள். உடனே நோட்டை எடுத்துவிட்டேன். எழுதுகிறவன் புத்தி அப்படி. இப்போது அந்த நோட்டைத் தொடவே பயமாக இருக்கிறது.

(கோட்டை எங்கே என்று கேட்பீர்கள். மலைமேல்தான் இருக்கிறது, இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "ஆண்டாளின் விரல்கள் கடந்த காலத்தோடு பேசி..." விரலாவது பேசுவதாவது. அடித்துவிட்டேன்.

அடுத்தது: "துல்லியம் என்பது யாதெனில்..." சீ.

மூன்றாவது நின்றது: "மீட்டரில் ஒயர் மாட்டும் டெர்மினலில் யார் விரல் வைத்தாலும் ஆண்டாளுக்குக் கெட்ட கோபம் வரும்." இது நிஜம். நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். விரல் பிசுக்கு வழியாகக்கூடக் கரண்ட் கசியுமாம், அளவு கெடுமாம்.

3

தனகோட்டி என்கிற மோட்டார் மெக்கானிக்கை முதலில் அசட்டை ஆளாக எழுதினேன். கதைக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். அது பொய். ஆண்டாள் சரிசெய்து கொடுத்த, கைப்பிடி சுற்றும் இன்சுலேஷன் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் அவன் எந்த மோட்டாரையும் ஓட்டவிடுவதில்லை. மழையில் மூழ்கிய மோட்டார் உள்ளே காய்ந்துவிட்டதா, கரண்ட் அதன் இரும்புக்கூட்டுக்குக் கசிந்து தொடுகிறவரை அடிக்குமா என்று அந்த முள் சொல்லும். முள் ஏறினால் காய்ந்தது, இறங்கினால் ஈரம். முள் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

முள்ளுக்கு யார் சொல்வது? மற்ற மீட்டர்களை ஒத்துப்பார்க்க ஆண்டாளிடம் ஓர் அளவுப்பெட்டி இருக்கிறது. அது பத்து என்றால் பத்து. பத்து நாள் முன்பு தனகோட்டியின் டெஸ்டரை அந்தப் பெட்டியோடு இணைத்துத்தான் முள்ளைப் பத்தில் நிறுத்திக் கொடுத்தாள்.

4

இன்று மதியம் எழுதியவரைக்கும் அவளுக்குப் படித்துக்காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டாள், இந்த வரி வரும்வரை:

"ஆயுதபூஜையன்று அளவுப்பெட்டியின் இரண்டு பித்தளை டெர்மினல்களுக்கு நடுவே அவள் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் ஈரத்தில் மினுமினுத்தன."

சும்மா அழகுக்காகச் சேர்த்தது.

"மறுக்காப் படிங்க சார்" என்றாள். படித்தேன். "ஈரமாவா இருந்துச்சு?"

ஆமாம், போன வாரம் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

வருஷா வருஷம் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. கடையில் எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறவளுக்கு, சாமிக்கு வைத்ததைத் துடைக்க மட்டும் மனம் வந்ததில்லை. நாலு வருஷப் பொட்டு ஐப்பசி ஈரத்தைக் குடித்து, டெர்மினலுக்கு டெர்மினல் பாலம் போட்டிருந்தது. வேறொரு மீட்டரில் பொட்டோடு அளந்தாள். துடைத்துவிட்டு அளந்தாள். துடைத்ததும் பத்து. பொட்டோடு மூன்றுகூட இல்லை. அந்த மூன்றைப் பத்து என்று நம்பித்தான் தனகோட்டியின் முள்ளை நிறுத்தியிருக்கிறாள். ஈரமான மோட்டாரையும் அது காய்ந்துவிட்டது என்றே சொல்லும்.

"நானே வச்சேனே" என்றாள். இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

5

ஆண்டாள் போன் போட்டபோது தனகோட்டி அனந்தபுரத்தில் இருந்தான். டெஸ்டரை அவளிடமிருந்து திரும்ப வாங்கிப்போனபின் அவன் பார்த்த முதல் மோட்டார் இன்றுதானாம்.

"வல்லத்துல ரஞ்சனி மோட்டாரு நல்லா இருக்குதுக்கா. ரெண்டு மணிக்கு த்ரீபேஸ் கரண்ட் வந்ததும் போட்டுக்கச் சொல்லிட்டேன்."

ரஞ்சனியை எனக்குத் தெரியாது. தனியாக நிலக்கடலை போட்டிருக்கிறவள், வயலில் தேங்கிய தண்ணீரை இறைக்க மூன்று நாளாகக் காத்திருக்கிறாள் என்று ஆண்டாள் சொல்லித்தான் தெரியும். ரஞ்சனியின் போன் ஸ்விட்ச் ஆஃப். மணி ஒன்று நாற்பத்திரண்டு. தனகோட்டி பைக்கைத் திருப்பினான். ஆண்டாளும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வல்லத்துக்குப் போய்விட்டாள்.

6

கடையில் நான் மட்டும். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஆண்டாள் ஒன்று ஐம்பத்தெட்டுக்கு வரப்பில் இறங்கி ஓடுகிறாள், ரஞ்சனி திரும்பி... (சினிமா.)

(ஆ) இன்றைக்கென்று த்ரீபேஸ் வரவில்லை. (எனக்கு இது போதும். ஆனால் என் வசதிக்கு ஏற்றபடி கரண்ட் போகுமா?)

(இ) முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ரஞ்சனி மோட்டார்மேல் கையை...

மூன்றாவதை அடிக்கவும் கை வரவில்லை, முடிக்கவும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆண்டாள் நேற்றே படித்துக்காட்டச் சொன்னாள். அந்த வரி நேற்றே நோட்டில் இருந்தது. "மினுமினுத்தன" சரியா, "மின்னின" சரியா என்று முடிவாகாததால் நாளைக்கு என்று நான்தான் தள்ளிப்போட்டேன். தனகோட்டி ரஞ்சனியின் மோட்டாரைப் பார்த்தது இன்று காலையில். வாசகரே, என்னைத் திட்டுவதானால் இங்கே திட்டிவிடுங்கள்.

7

மணி இரண்டு பத்து. அவசரத்தில் ஆண்டாள் போனை மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறாள். இப்போது அது அடிக்கிறது. திரையில் தனகோட்டியின் பெயர்.

நான் எழுதுகிறவன், எடுக்கமாட்டேன். ஐந்தாவது ரிங் போகிறது. நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், எடுங்கள்.