கதவடிப் பூனைக்கு ஓர் எண்

எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எதற்கு உதவும் என்று என் அத்தானுக்குத் தோன்றாது. எந்த அத்தியாயத்தில் வரும் என்றுதான் தோன்றும். குடையைப் பார்த்தால் நாம் வானத்தைப் பார்ப்போம். அவர் “அறுபத்தாறு” என்பார். ஒரு வரவேற்பில் தன் பழைய மேலதிகாரியின் அடர்ந்த கிராப்பைப் பார்த்துவிட்டு, என் காதோரம் குனிந்து “அறுபத்தேழு” என்றார். அது விக் என்பது மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

கப்பலேறும் ஒவ்வொரு சாமானுக்கும் எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரு சுங்க எண் உண்டு. அதன் முதல் இரண்டு இலக்கம்தான் அத்தியாயம். எதற்கு எந்த எண் என்று தீர்மானித்துக் கையெழுத்துப் போடுவது அத்தானின் தொழில். எண் தவறினால் பெட்டி துறைமுகத்திலேயே கிடந்து மக்கிப்போகும். எனவே அவர் முக்கியமான மனிதர். அதை நாம் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டிருந்தார். முழு எண்ணுக்கு எட்டு இலக்கம் என்பதால் துறைமுகத்தில் அவருக்கு ‘எட்டிலக்கம்’ என்று பெயர். கிண்டலுக்கு வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு முகவரி அட்டையில் அச்சடித்துவிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு எதிரி இருந்தது. சுங்கப் பட்டியலில் எந்தத் தலைப்பை எடுத்தாலும் அநேகமாகக் கடைசி வரி ‘மற்றவை’ என்று இருக்கும். எங்கும் சேராததையெல்லாம் தள்ளிவிடும் மூலை அது. “மற்றவை என்பது சோம்பேறிகளின் படுக்கை!” என்று அத்தான் கூட்டங்களில் முழங்குவார். முழங்கிவிட்டுக் கைதட்டலுக்காகத் தண்ணீர் குடிப்பார். சில கூட்டங்களில் டம்ளர் காலியான பிறகும் கைதட்டல் வராது. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு பொருளைக்கூட அவர் மற்றவையில் போட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் என் அக்கா வாழ்க்கைப்பட்டாள்.

அக்கா பேச்சுக்காரி அல்ல, தையல்காரி. அத்தானின் வேலை அறைக் கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. அதை அடைக்க அவள் ஒரு பூனை தைத்தாள். கதவின் அகலத்துக்கு நீட்டிப் படுத்த துணிப் பூனை. வயிற்றில் மணலும் துணித்துண்டுகளும். முகத்தில் ‘யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்’ என்கிற பாவனை. வருகிறவர்களிடமெல்லாம் அத்தான், “எனக்குத் தூசின்னா தும்மல் நிக்காது. அதான் எனக்காகவே செஞ்சு குடுத்தா” என்று பெருமையடிப்பார். அக்கா அப்போதெல்லாம் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அந்தப் பூனையின் படம் எப்படியோ கடல் தாண்டிப் போய், குளிர் நாட்டில் வீட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாளின் கண்ணில் பட்டது. அங்கே கதவடியில் வருவது தூசி அல்ல, எலும்பைக் கடிக்கும் காற்று. ‘குளிர் தொடங்குமுன் ஒரு லோடு அனுப்புங்கள். விற்றால் வருஷா வருஷம் வாங்குகிறேன்’ என்று எழுதிவிட்டாள். அக்காவின் பெயரில் வந்த முதல் ஆர்டர். அவளும் பக்கத்துத் தெருத் தையல்கார அம்மாவும் ராப்பகலாகத் தைத்தார்கள். கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் பூனைகள் படுத்துக் கிடந்தன. கடைசியில் எல்லாம் பெட்டிக்குள் போய், பெட்டிகள் என் வேனுக்குள் போயின.

மீதி இருந்தது எண் ஒன்றுதான்.

காலையிலேயே கப்பல் ஏஜென்ட் பெண் போன் செய்தாள். “இன்னிக்கு சாயங்காலம் பேப்பர் வாங்குறதை நிறுத்திடுவாங்க. அடுத்த கப்பல் எப்பன்னு எனக்கே தெரியாது. எண் குடுங்கக்கா. வீட்டுக்குள்ளயே எட்டிலக்கத்தை வெச்சுக்கிட்டு என்னைக் காக்க வெக்கிறீங்களே!”

எட்டிலக்கம் சாப்பாட்டு மேசையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“துணி, தையல். ‘மற்ற தைத்த பொருட்கள்’னு போட்டுட்டா வேலை முடிஞ்சுது அத்தான்” என்றேன்.

கெட்ட வார்த்தை பேசிய குழந்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “மச்சான், என் வீட்டுப் பூனை மற்றவைல போகுமா?”

“வேற எதுல போகும்?”

“காது இருக்கு. கண்ணு இருக்கு. மீசை வேற. பொம்மை! தொண்ணூத்தஞ்சு.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “பொம்மைன்னா குழந்தை வாயில வெச்சாலும் ஆபத்தில்லைன்னு சோதிச்சு சான்று வாங்கணும்னு அந்தம்மா எழுதியிருக்காங்களே. அதுக்குள்ள அங்க வெயில் வந்துடும். வெயில்ல எவ காத்தைத் தடுக்கப் பூனை வாங்குவா?”

“அதுக்காக என்னைப் பொய் எழுதச் சொல்றியா?”

“பொய் எழுதச் சொல்லலைங்க. அது பொம்மை இல்ல. அதை எழுதுங்கன்னுதான் சொல்றேன்.”

“நீ சொன்னா ஆச்சா? ஆராயணும். திண்டாக்கூட இருக்கலாம். உள்ள என்ன அடைச்சிருக்கு, எது எவ்வளவுன்னு பாக்காம நான் கையெழுத்துப் போடுறவன் இல்ல.”

பெட்டிகளெல்லாம் ஒட்டி முடித்தாகிவிட்டது. அத்தான் எழுந்து போய்த் தன் கதவடியில் படுத்திருந்த மூத்த பூனையைத் தூக்கி வந்து மேசையில் மல்லாத்தினார். நாங்கள் சுதாரிப்பதற்குள், காகிதம் கிழிக்கும் கத்தியால் தாடையிலிருந்து வால்வரை ஒரே கோடு. மணல் ஒரு தட்டில், துணி ஒரு தட்டில். சமையல் தராசு வந்தது.

துணிக்குவியலில் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். “இது என்னோட கோடு போட்ட சட்டை!”

“கிழிஞ்ச சட்டை.”

“கிழியலை. காலர்ல லேசா... இதை நான் எத்தனை நாளாத் தேடுறேன் தெரியுமா?”

அக்கா வயிறு திறந்து கிடந்த பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அத்தானுக்கும் லேசாக உறைத்திருக்க வேண்டும். “விதிகளை ஒருதடவை பாத்துட்டு வந்துடறேன்” என்று முனகிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தானுக்கு எதையும் உரக்கப் படித்தால்தான் மண்டையில் ஏறும். ஆரம்பித்தார்.

“ஒரு பொருள் இரண்டு தலைப்பில் வருமானால், அதற்கு அடிப்படைத் தன்மையைத் தருவது எதுவோ, அதைக் கொண்டு...”

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரலுக்கு மேசைமேல் டம்ளர் அதிர்ந்தது. மிச்ச நூலைச் சுற்றிக்கொண்டிருந்த தையல்கார அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“ஐயோ! என்னக்கா இது, சாருதான் படிக்கிறாரா? இத்தனை நாள் வரேன், ஒரு நாளும் கேட்டதில்லையே!”

“பூனை இருந்துது” என்றாள் அக்கா.

“அட, அதுக்குத்தானா பூனை? நான் தூசிக்குன்னு நெனச்சேன்!”

அவள் சிரிக்க, அக்காவும் தன்னை மறந்து சிரிக்க, நானும் சேர்ந்துகொண்டேன். கதவடி இடைவெளி இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதை மூன்று பேரும் மறந்துவிட்டோம்.

படிப்பு நின்றது. கதவு திறந்தது.

“பூனை தூசிக்கு இல்லையா?”

“தூசிக்கும்தான்” என்றாள் அக்கா.

“தூசிக்கும்தான்னா? முதன்மைப் பயன் என்ன, துணைப் பயன் என்ன? தெளிவாச் சொல்லு.” தொழில் குரல். ஆனால் முகம் தொழில் முகமாக இல்லை.

அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னாள். “நீங்க நாள் பூரா எண்ணைக் கத்துறீங்க. நான் இங்க உக்காந்து தைக்கிறேன். ‘ஊசிகள், குண்டூசிகள்’னு நீங்க கத்துனா என் விரல்ல ஊசி ஏறுது. நிறுத்துங்கன்னு சொல்ல மனசு வரலை. படிக்கும்போது நீங்க அவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க. அதான் பூனை.”

“அப்ப என் தும்மல்?”

“அதுவும் நின்னுச்சே. நான் வேண்டாம்னா சொன்னேன்?”

அத்தானுக்கு எல்லோரிடமும் அடித்த பெருமை அத்தனையும் வரிசையாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த முறை உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் குரல் கேட்காமல் இருப்பது இவ்வளவு சங்கடமான விஷயம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டாள். “என்னக்கா, ஆச்சா? நான் கவுன்டர் முன்னாடிதான் நிக்கிறேன்.” அக்கா என்னைப் பார்த்தாள், வாசலில் நின்ற வேனைப் பார்த்தாள். பிறகு அறைக் கதவருகே போய் நின்றாள். தட்டவில்லை.

“ஏங்க,” என்றாள் மெதுவாக. “பொம்மைன்னே வேணா போட்டுடுங்க. போனாப் போகுது. பூனைங்க வீட்டுலயே படுத்துக் கிடக்கட்டும்.”

சற்று நேரத்தில் கதவடி இடைவெளி வழியாக ஒரு காகிதம் நகர்ந்து வந்து அவள் காலடியில் நின்றது.

அக்கா அதை எடுத்துப் படித்தாள். ஒருமுறை படித்துவிட்டு, நம்பாமல் எனக்காகச் சத்தமாகவும் படித்தாள்.

“இப்பொருள் பூனை வடிவில் இருப்பினும் விளையாடுவதற்கன்று. தலை சாய்ப்பதற்குமன்று. கதவடி இடைவெளியை அடைத்துக் காற்று, தூசி, ஒலி ஆகியவற்றைத் தடுப்பதே இதன் முதன்மைப் பயன். கீழே கையொப்பமிட்டவரின் குரலைத் தடுப்பதில் இது பல்லாண்டுகளாக வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டுள்ளது. ஆகவே அறுபத்து மூன்றாம் அத்தியாயம். தைத்து முடித்த துணிப் பொருட்கள்...”

குரல் நின்றது. அவள் கதவைப் பார்த்தாள். “மற்றவையா? நீங்களா?”

உள்ளேயிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம். “பட்டியல் போட்டவன் நினைச்சே பாக்காத ஒரு சாமானை ஒருத்தி செஞ்சுட்டா, அது எங்கதான் போய் நிக்கும்? அதுக்காக விட்டு வெச்ச இடம்தான்மா அது.” அடுத்த மூச்சிலேயே, “மச்சான், இப்ப நான் சொன்னதை எழுதி வை. அடுத்த கூட்டத்துல பேசணும்.”

நான் எழுதவில்லை. வேனை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஏஜென்ட் பெண் காகிதத்தைப் பிடுங்கிக் கவுன்டரில் நீட்டினாள். சுங்க அதிகாரி படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எட்டிலக்கம் மற்றவைல கையெழுத்துப் போட்டிருக்காரா? அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“குரல் மட்டும் நல்லா இருக்கு சார்” என்றேன்.

“அதான் எழுதியிருக்காரே!” என்று சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். பூனைகள் கப்பலேறின.

வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்து மூத்த பூனையின் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். கோடு போட்ட சட்டை திரும்பவும் உள்ளே போயிருந்தது. காலர் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது.

“பூனையை வெச்சுட்டியாம்மா?” என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது. “நான் படிக்கலாமா?”

அக்கா மடியில் கிடந்த பூனையைப் பார்த்தாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

“வெச்சாச்சுங்க. நீங்க தாராளமாப் படிங்க.”

தாராளமாகவே படித்தார். டம்ளர் மறுபடி அதிர்ந்தது. “குடைகள்! தோட்டக் குடைகள்! மடக்குக் குடைகள்!” என்று அந்தக் குரல் கதவடியில் புகுந்து கூடமெங்கும் பரவியது. அக்கா ஊசியை விரலிலிருந்து எச்சரிக்கையாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அவர் அடுத்த வரிக்கு மூச்சு இழுத்த நேரத்தில், தலை நிமிராமல், பூனைக்கு மட்டும் கேட்கும்படி, “மற்றவை” என்றாள்.