சண்டைக்காரியின் பெட்டி

என் தம்பிக்கு இளகிய மனசு. அவனுடைய தையல் கடைக்குள் எலி வந்தால்கூட விரட்ட மாட்டான். துணியை எடுத்து வேறிடத்தில் வைப்பான். அப்படிப்பட்டவனிடம் தேனீப்பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு மகளின் பிரசவத்துக்குப் போனேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

சொல்லாமலா போனேன்? தேனீக்கள் மேல் உண்ணி ஒட்டும், சில பெட்டிகள் செத்துப்போகும், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இரு, மருந்து மட்டும் வைக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். மருந்தில்லாமல் எந்தக் கூட்டம் தாக்குப்பிடிக்கிறதோ அதன் ராணியைத் தாயாக வைத்துத்தான் இனி எல்லா ராணிகளையும் வளர்ப்பேன் என்று தேனீ வளர்ப்போர் சங்கத்தில் சவால் விட்டிருந்தேன். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

திரும்பி வந்தால் ஒரு பெட்டிகூடச் சாகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிலும் ‘சாது’ என்று நான் கூப்பிடும் பெட்டி, வெறுங்கையால் திறந்தாலும் ஒன்றும் செய்யாது. சாதுவின் ராணிதான் தாய் என்று முடிவுசெய்து, புது ராணிகளாக வளர்க்க அதன் இளம்புழுக்களை எடுத்துப்போக வரும்படி சங்கத்துக்குச் சொல்லிவிட்டேன்.

அவர்கள் வரவேண்டிய அன்று காலையில் தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான். அளவு நாடாவை விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான்.

“அக்கா, திட்டாத. நீ இல்லாதப்ப நான் மருந்து வச்சுட்டேன்.”

“எதுக்குடா?”

“இறக்கை சுருங்கிப்போய் வாசல்ல ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சுங்க. அதைப் பாத்துட்டு எப்படிக்கா சும்மா இருக்கறது?”

வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. பட்ட பாடெல்லாம் வீண். சங்கத்தில் எந்த முகத்தோடு நிற்பேன்? அழுகை வந்தது. நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

வரவேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. சண்டைக்காரிக்கும் வைத்தாயா என்று கேட்டேன். கோடியில் தனியாக இருக்கும் பெட்டி அது. பக்கத்தில் போனாலே மொய்த்துக் கொட்டும். அந்தக் குணத்துக்காகவே அதை நான் கணக்கில் சேர்த்ததில்லை.

தம்பி காதைத் தடவினான். மூடியைத் தூக்கியதும் மூக்கிலும் காதிலும் வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடியவன், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லையாம்.

முகவலையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அடிப்பலகையை உருவி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உண்ணிகள் தேனீக்களிடம் கடிபட்டு, கால் போய்ச் செத்துக் கிடந்தன. தேனடைச் சட்டத்தைத் தூக்கினால், உண்ணி புகுந்த புழு அறைகளின் மூடியைப் பிய்த்துப் புழுவை வெளியே இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தார்கள் என் சண்டைக்காரிகள். மருந்து படாத ஒரே பெட்டி. கையுறையைத் தாண்டி மூன்று கொட்டு விழுந்தது. சந்தோஷத்தில் வலியே தெரியவில்லை.

சங்கத் தலைவர் வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். குனிந்து பார்த்தவருக்கும் உதட்டில் ஒன்று கிடைத்தது.

“வீட்டைச் சுத்தமாத்தான் வச்சிருக்கு. ஆனா இந்தக் கோவத்தோட எப்படிம்மா காலம் தள்ளுறது?” என்றார்.

அதற்குள் கொட்டு வாங்கி ஒரு கன்னம் வீங்கிப்போய்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பிதான் பதில் சொன்னான்.

“பொறந்ததுலேர்ந்து நான் அக்காகூடத்தான் சார் இருக்கேன். பழகிடும்.”

சட்டத்தை ஆட்டாமல் பிடிடா என்று அதட்டிவிட்டு, முதல் புழுவை எடுத்தேன்.