சக்களத்திக்கு ஒரு மடக்கு

மலிகாவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். உயரம் ஒன்றரை முழம், உடம்பெல்லாம் முள், உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. கப்பலில் சமையல் வேலை பார்த்த அவள் புருஷன் அப்துல் வதூது, மடகாஸ்கர் துறைமுகத்தில் ஒரு கிழவனுக்கு வயிறாரச் சோறு போட்டு, பதிலுக்கு வாங்கி வந்த கள்ளி அது. கடலூர் முதுநகரில் அந்த வீட்டு மருமகனுக்குக்கூட அதற்கு நடந்த உபசாரம் நடந்ததில்லை.

வேலிக் கள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் அதைப் போல இன்னொன்று கிடையாது. ஐந்து பட்டை வைத்த தண்டு. பட்டைக்குப் பட்டை சீப்புப் பல் மாதிரி வெள்ளை முள். மனுஷன் கப்பலை விட்டு வந்ததும் பெட்டியை இறக்கி வைப்பதற்கு முன்னால் தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார். ஆற்று மணலைச் சலித்து, செங்கல்லை இடித்துக் கலந்து மண் மாற்றுவார். பழைய பல் பிரஷால் முள்ளுக்கு முள் தூசி தட்டுவார்.

"என் தலைக்கு எண்ண வச்சிவிட ஆளக் காணோம், அவளுக்கு நடக்குற சிங்காரத்தப் பாரு" என்று மலிகா முனகுவாள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அவள் முனகினாள் என்பது வேறு விஷயம்.

அறுபத்தாறாம் வருஷம் ஆவணியில் கப்பலுக்குக் கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஐப்பசி பொறந்தா எல பூரா கொட்டிடும். செத்துடுச்சின்னு பயந்துடாத. மழ படாம உள்ள வச்சிடு. பங்குனி வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டாத. நான் வர்ற வரைக்கும் பாத்துக்க புள்ள."

"எனக்கு என்னா குடுக்கணும், குடுக்கக் கூடாதுன்னு யாருகிட்டயாவது இப்படிச் சொல்லிட்டுப் போயிருக்கீங்களா மச்சான்?"

அதற்கும் சிரித்தார். போய்விட்டார்.

சொன்னபடியே ஐப்பசி மழையோடு இலைகள் கொட்டின. மலிகா தொட்டியைத் தூக்கி வந்து அடுப்படி ஜன்னலோரம் வைத்தாள். ஒரே மகளை லால்பேட்டையில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இப்போது அவளும் சக்களத்தியும்தான். சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டாமா? அவள் அதோடு பேச ஆரம்பித்தாள். மீன் விலை ஏறியதைச் சொன்னாள். அவரிடமிருந்து வந்த கடுதாசியை உரக்கப் படித்துக் காட்டினாள். கடுதாசியில் பாதி கள்ளியைப் பற்றிய விசாரிப்புத்தான். "உன் பேர எத்தன தடவ எழுதியிருக்காரு பாரு" என்று முறைத்துவிட்டு மடித்து வைத்தாள்.

அந்த வருஷம் மார்கழிக் குளிரோடு நோன்பு வந்தது. முதல் நாள் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வந்தது. மூன்று பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் கஞ்சி, ஒரு டம்ளர் தண்ணீர். அடுப்படியில் தனியாக உட்கார்ந்து பாங்குக்குக் காத்திருந்தாள். பாங்கு சொன்னதும் டம்ளரைத் தூக்கினாள். எதிரே கள்ளி நின்றது. ஓர் இலைகூட இல்லாமல், ஐப்பசியிலிருந்து பச்சைத் தண்ணீர் காணாமல் நின்றது. பகல் முழுக்கத் தொண்டை வறண்டு கிடந்தவளுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. எதிரில் ஒரு ஜீவனைக் காயப்போட்டுவிட்டுத் தான் மட்டும் குடிக்கிற வழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை.

புருஷன் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. "நோன்பு இருக்கட்டும், வேணாங்கல" என்று அவருக்குச் சொல்வதுபோல ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "தொறக்காமலே கெடந்தா அது என்னா நோன்பு?"

தான் ஒரு மடக்குக் குடித்தாள். அதற்கு ஒரு மடக்கு ஊற்றினாள். பிறகுதான் கஞ்சி ருசித்தது.

முப்பது நாளும் அப்படியே நடந்தது. பெருநாள் காலையில் புதுச்சேலை கட்டிக்கொண்டு, சக்களத்திக்கும் ஒரு சிங்காரம் ஆகட்டும் என்று பிரஷை எடுத்து அடித்தண்டில் கை வைத்தாள். விரல் உள்ளே போனது. அழுகின வாடை வந்தது. புதுச்சேலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திட்டுவாரே என்ற பயம் இல்லை. அவர் திட்டுகிற ஆள் இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவளிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான். அதையும் தன் கையாலேயே கெடுத்தாகிவிட்டது. அதை நினைத்துத்தான் அழுதாள்.

மறுநாள் பொங்கல் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் அவள் முகத்தையும் தொட்டியையும் பார்த்தாள்.

"இதுக்கா அழுவுற? என் தம்பி ஞானசேகரன் சிதம்பரத்துல காலேஜ் தோட்டத்துலதானக்கா இருக்கான். காணும் பொங்கல் கழியட்டும், வா போவலாம்."

பாசஞ்சர் வண்டியில் நிற்க இடமில்லாத கூட்டம். மடியில் முள்ளை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததால் மலிகாவைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. 

ஞானசேகரன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "எங்க தோட்டத்துலயே இது இல்லக்கா" என்றான். அடித்தண்டை அமுக்கிப் பார்த்ததும் முகம் மாறியது. "தண்ணி யாரு ஊத்துனது?"

"நான்தான். நோன்பு தொறக்க."

தில்லையம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை. "பாசம் ஜாஸ்தியானா வேரு அழுவும்க்கா. அழுவுன வரைக்கும் வெட்டிடணும். நல்ல சதையா இருந்தா பால் வரும்."

கத்தியைத் தீயில் காட்டிவிட்டு அடியில் ஒரு துண்டு அரிந்தான். உள்ளே பழுப்பு. இன்னொரு துண்டு அரிந்தான். அதுவும் பழுப்பு. ஒவ்வொரு வெட்டுக்கும் மலிகா கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றரை முழம் ஒரு முழமானது, முக்கால் முழமானது. கடைசியில் ஒரு சாண் மிச்சமிருந்தபோது வெட்டுவாயில் வெள்ளையாகப் பால் துளிர்த்தது.

"உசுரு இருக்கு" என்றான் ஞானசேகரன். "பால் கண்ணுல பட்டுடாம எடுத்துட்டுப் போ. நாப்பது நாள் நெழல்ல காயட்டும். அப்பறம் காஞ்ச மணல்ல நட்டு வை. எல வர்ற வரைக்கும் தண்ணி கெடையாது. கையக் கட்டிப் போட்டுக்க."

"பொழச்சிடுமா தம்பி?"

"அத நான் சொல்ல முடியாதுக்கா."

நாற்பது நாள் காயப்போட்டாள். பிறகு மணலில் நட்டாள். பசி என்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழகாத கைக்கு, கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. முப்பது நாள் நோன்பு இதற்குத் தேவலாம் என்று தோன்றியது.

பங்குனியில் அவர் வந்தார். வழக்கம்போல, பெட்டி கையில் இருக்கும்போதே ஜன்னலோரம் பார்த்தார். ஒரு சாண் குச்சி நின்றது. இலை இல்லை.

மலிகா ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. மூச்சுவிடாமல் நடந்ததையே சொன்னாள். கஞ்சியில் தொடங்கிக் கத்தி வரைக்கும் சொன்னாள். "திட்டிடுங்க மச்சான்" என்று முடித்தாள்.

அவர் தொட்டியின் எதிரே குந்தி உட்கார்ந்தார். "முப்பது நாளுமா குடுத்த?"

"ஒரு நாள் தவறல."

"ஏன், கூட யாரும் இல்லியா?"

"யாரு இருக்கா? அவகூடத்தான் தொறந்தேன்."

அவர் தொட்டியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். கப்பலில் நோன்பு திறக்கும்போது ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்காருவார்கள். சிரிப்புச் சத்தத்தில் பாங்கே கேட்காது. அங்கிருந்து எழுதிய கடுதாசிகளில் இலை விழுந்ததா, மழை பட்டதா என்றெல்லாம் கேட்டிருந்தார். நீ யாரோடு நோன்பு திறக்கிறாய் என்று ஒரு வரி கேட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியை அப்போதுதான் கீழே வைத்தார்.

சித்திரைக் கடைசியில் குச்சியின் உச்சியில் பச்சையாக ஒரு முனை தெரிந்தது. ஆடிக்குள் ஏழு இலை. ஆவணியில் கப்பல் ஏஜெண்டு ஆபீசிலிருந்து ஆளெடுக்கக் கடுதாசி வந்தது. பெருநாள் கழித்துத்தான் வர முடியும் என்று பதில் எழுதினார்.

"அந்த வேல போயிட்டா?" என்றாள் மலிகா.

"போனா போவட்டும். செடி எளசா இருக்கு, யாரு பாத்துக்குவா?" என்றார். செடிக்காக இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கார்த்திகையில் பிறை தெரிந்தது. இலை கொட்டிய கள்ளி அடுப்படி ஜன்னலோரம் வந்து நின்றது. அதற்கு முன்னால் இரண்டு கிண்ணம் கஞ்சி, இரண்டு டம்ளர் தண்ணீர். பாங்கு சொன்னதும் மலிகா ஒரு மடக்குக் குடித்தாள். போன வருஷத்துப் பழக்கத்தில் கை தானாகத் தொட்டிப் பக்கம் நீண்டது.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ பங்குனி வரைக்கும் தாங்குவா. எனக்குக் குடு."

தன் டம்ளர் நிறைய இருக்க, அவளுடையதை வாங்கிக் குடித்தார்.