மூலையில் ஒரு முத்து

ஷாலினி அக்கா தூங்கவில்லை. தூங்குவது போலச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். எனக்கும் தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்லிவிட்டால் நெஞ்சு படபடப்பது கொஞ்சம் அடங்கும் போலிருக்கிறது. அதனால்தான் போர்வைக்குள் கிடந்துகொண்டு இதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு வெண்ணந்தூர். அப்பாவுக்கு விசைத்தறி. பட்டறைக்குப் பக்கத்து அறையில் அக்கா கேக் செய்து விற்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான்தான் அவளுக்குக் கையாள். ராசிபுரத்தில் மோகனப்பிரியா என்று ஓர் அக்கா இருக்கிறார். அவர்கள் வீட்டு நூல்தான் எங்கள் தறியில் ஓடுகிறது. நாளைக்கு அவர் மகன் இனியனுக்குக் காதுகுத்து. அவன் மாமன் மடியில் உட்காரும்போது எதிரே வைப்பதற்குத் தலையணை மாதிரி ஒரு கேக் கேட்டிருந்தார்.

அந்தக் கேக்கில் மெத்தென்று தெரிவதெல்லாம் ஏமாற்று வேலை. கேக்கைத் தலையணை வடிவத்தில் செதுக்கி, க்ரீம் பூசி, மேலே ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரைப் போர்வையைத் தடிமனாகப் போர்த்த வேண்டும். அது காய்வதற்குள் இரண்டு பக்கமும் சாய்வாகக் கோடுகள் அழுத்த வேண்டும். கோடும் கோடும் சந்திக்கிற இடம் நன்றாகக் குழிந்தால்தான் நடுக்கட்டங்கள் பஞ்சு அடைத்தது போல உப்பித் தெரியும். கோடு கோணாமல் இருக்க அக்கா அந்த இடங்களில் முதலில் ஊசி குத்தி வைப்பாள். புடவைக்குக் குத்துவோமே, வெள்ளை முத்துத் தலை வைத்த ஊசி, அதுதான். கடைசியில் ஊசியை உருவிவிட்டு அந்தக் குழியில் சர்க்கரை முத்தை ஒட்ட வேண்டும். உருவுவதும் ஒட்டுவதும் என் வேலை.

விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் ஊசி என்று சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் கடையில் கேட்டால்கூடத் தர மாட்டார்கள். காதுகுத்துக் கேக் என்பதால் அக்கா இன்றைக்கு ரொம்பக் கறாராக இருந்தாள்.

“வெளக்கு வெச்சாச்சு. இனி முத்துன்னு சொல்லோணும்.”

“அப்பச் சக்கர முத்த என்னன்னு சொல்றதாம்?”

“அதயும் முத்துன்னே சொல்லு. வாயாடாம கைய ஆட்டு.”

கடைசி வரிசைக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. எமர்ஜென்சி லைட் மங்கலாக எரிந்தது. அதே நேரம் வாசலில் கார் ஹாரன். கேட்டைத் திறக்க நான்தான் ஓட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் ஊசி பாக்கி இருந்தது. ஓடிக்கொண்டே கத்தினேன்.

“அக்கா, மூலையில முத்து இருக்குது!”

“இருந்தாச் செரி,” என்றாள்.

ஊசி இருக்கிறது, உருவிவிடு என்ற அர்த்தத்தில் நான் சொன்னேன். சர்க்கரை முத்து ஒட்டியாகிவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான் திரும்பி வருவதற்குள் டப்பாவை மூடி டேப் ஒட்டியிருந்தாள். மோகனப்பிரியா அக்கா வண்டியிலிருந்து இறங்கக்கூட இல்லை. “கொழந்த கார்லயே தூங்கறான், சீக்கிரம் குடு சாமி,” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கரண்ட் வந்த பிறகு மேசையைத் துடைத்தேன். சாஸரில் ஒரே ஒரு சர்க்கரை முத்து மிச்சம் கிடந்தது. மூலைக்கென்று நான் எடுத்து வைத்தது.

டப்பாவை மூடுவதற்கு முன் அக்கா எடுத்திருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லா முத்தும் குழிக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தன. மூலையில் இருந்தது மட்டும் கொஞ்சம் எழும்பி, பளபளவென்று இருந்தது.

“அக்கா, இதப் பாரு.”

பார்த்தாள். “லைட்டு அப்புடி,” என்றாள். ஆனால் உடனே போய் ஊசி டப்பாவைக் கொட்டி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஒன்று குறைந்தது. பிறகு அப்பாவின் பட்டறையிலிருந்து காந்தத்தை எடுத்து வந்து தரை முழுக்க ஓட்டினாள். மேசைக்கு அடியில், பாய்க்கு அடியில், வாசற்படி வரைக்கும். காந்தத்தில் தறியின் இரும்புத் தூள்தான் ஒட்டியது.

“போன் பண்ணுக்கா.”

“என்னன்னு சொல்றது? காது குத்தற ஊட்டுக்கு இந்நேரத்துல போனப் போட்டு அந்தப் பேரச் சொல்லச் சொல்றயா? நாளைக்கு அப்பாவுக்கு நூலு யாரு குடுப்பா? காத்தால நேரமே போயி, வெட்டறதுக்கு முன்னால நானே உருவீர்றன். பேசாமப் படு.”

படுத்தேன். கண்ணை மூடினால் அந்த மூலைதான் தெரிந்தது. அப்பா தறியை நிறுத்தியதும் வீடே அமைதியாகிவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அக்காவின் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் மோகனப்பிரியா அக்காவைக் கூப்பிட்டேன்.

“ஷாலினியா? என்ன கண்ணு இந்நேரத்துல?”

“வெண்ணிலாங்க்கா. ஷாலினி தங்கச்சி. கேக்குல மூலையில ஒரு முத்து இருக்குதுங்க. அத மட்டும் எடுத்துருங்க.”

அவர் சிரித்தார். “அய்யோ, அத எடுத்தா எம்பையன் ஊட்ட ரெண்டு பண்ணீருவான். கார்ல நல்லாத் தூங்கிப்போட்டு இப்ப ஆட்டம் போடறான். பெரிய முத்து எனக்கு, பெரிய முத்து எனக்குன்னு ஒரே பாட்டு. காத்தால காது குத்தறப்ப அழுவாம இருந்தா, கையி வெக்காம அத வாயிலயே கடிச்செடுத்துக்கலாம்னு அவம் மாமன் சொல்லி வெச்சிருக்குது.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவருக்குப் பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம், பாத்திரச் சத்தம். இனியன் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

“அக்கா, இனியன் எங்கீங்க?”

“இங்கதான் இருந்தான். ஏங் கண்ணு?”

“அது முத்தில்லீங்க்கா. ஊசி. முத்துத் தலை வெச்ச ஊசி. உருவாம உட்டுட்டமுங்க.”

போன் எதன் மேலோ விழுந்தது. ஓடுகிற காலடி. ஒரு கதவு. பிறகு, “இனியா! வாயத் தொற! வாயத் தொறடா!” என்று ஒரு கத்தல். இனியன் வீறிட்டு அழுதான். அந்த அழுகை நிற்கக் கூடாது என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன். நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து மோகனப்பிரியா அக்கா போனை எடுத்தார். குரல் கீழே இறங்கியிருந்தது.

“வாயில ஒண்ணுமில்ல. ஊசி கேக்குலயேதான் இருந்துது. உருவிட்டன்.” மூச்சு வாங்கினார். “சுத்தியும் பல்லுத் தடம் இருக்குது கண்ணு.”

அவருக்குப் பின்னால் ஓர் ஆள் குரல், “யாரது போன்ல? அந்தக் கேக்குக்காரியா?” என்று கேட்டது. லைன் கட்டானது.

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கி அணைத்தாள். உடனே என்ன நினைத்தாளோ, மறுபடி போட்டு வைத்தாள்.

“காத்தால அவங்க வருவாங்க. அதுக்கு முன்னால நாமளே போயிருவோம்,” என்றாள். “யாரு கேட்டாலும் ஊசின்னே சொல்லு. முத்துங்காத.”

இப்போது போன் எங்கள் இரண்டு தலையணைகளுக்கும் நடுவில் கிடக்கிறது. தெருவில் ஏதோ வண்டி வருகிற சத்தம் கேட்கிறது. அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.