லிகினாவில் யாரும் இல்லை

லிகினாவின் ஆயர் அர்செனியோஸ் லிகினாவைப் பார்த்ததே இல்லை. அவருக்கு ஆயர் பட்டம் கிடைத்த மாதமே துருக்கியர் அந்தப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பேரரசின் எல்லை பத்து நாள் நடை மேற்கே நகர்ந்துவிட்டது. பதினோரு வருடமாக அவர் பேரரசின் தலைநகரத்தில், கடற்சுவரை ஒட்டிய மடமொன்றில் இருந்துகொண்டு, இழந்த ஊருக்காக ஒவ்வொரு திருவிழாவிலும் கண்ணீர் விட்டார்.

அந்த மடத்து உணவறையில் அவர் எதிரே நிகான் உட்கார்ந்திருந்தான். லிகினா கோயிலின் திருத்தொண்டன், குருவுக்கு உதவியாக நிற்பவன். முப்பத்தெட்டு நாள் நடந்து வந்தவன்.

"சாப்பிடுப்பா. உப்பு மீன் நல்லா இருக்கும்."

"ஆண்டவரே, கோஸ்மாஸ் சாமி செத்து ரெண்டு வருஷமாச்சு. அதோட பூசையும் நின்னுபோச்சு. என் மாமியா நற்கருணை கேட்டுக்கிட்டேதான் உசிர விட்டா. நான் வாசிக்கலாம், தூபம் போடலாம். குரு ஆசீர்வதிச்சாத்தான் அப்பம் நற்கருணை ஆகும், எனக்கு அந்த அதிகாரம் இல்ல. நீங்க தலையில கைவெச்சு குருப்பட்டம் குடுங்க, நாளைக்கே கெளம்பிடறேன்."

"இங்க குடுக்க முடியாதே. இந்த நகரம் தலைமை ஆயரான மறைமுதுவரோடது. என் மறைமாவட்டத்துலதான் நான் கைவைக்கலாம்."

"அப்ப வாங்க! துருக்கி அமீரு கோயில் பக்கமே திரும்பறதில்ல. உங்களுக்குன்னு இருக்கற ஆயர் வீட்டுக்குக்கூட ஓடு மாத்தி வெச்சிருக்கோம்."

ஆயரின் கை தட்டிலேயே நின்றது.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல ஆண்டவரே."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். எந்த ஆயரின் ஊரில் வாழ முடியாமல் போயிற்றோ, அவர் மட்டுமே நகரத்தில் தங்கலாம் என்பது விதி. திங்கட்கிழமை ஆயர் மன்றம் கூடி, அவர் இனியும் தங்கலாமா என்று முடிவு செய்யும். நிகானுக்கு இங்கேயே பட்டம் தர அவர் அனுமதி கேட்பார். ஊரைப் பற்றி அவனை விசாரிப்பார்கள்.

"கோயில் இடிஞ்சுது, யாரும் இல்லன்னு சொல்லிடு."

"இருநூறு அடுப்பு எரியுதே, ஆண்டவரே."

"எனக்கு அறுபத்தாறு வயசு, நிகான். பயமா இருக்குப்பா."

ஆயர் கோபப்பட்டிருந்தால் நிகான் எழுந்து போயிருப்பான். பயத்தை என்ன செய்வது? மூன்று நாள் கடற்சுவரோரம் யாரிடமும் பேசாமல் நடந்தான். பொய் ஒரு மூச்சில் தீர்ந்துவிடும். பூசை தன் ஆயுள் முழுக்க நடக்கும். அந்தக் கணக்கில் எந்தப் பிழையும் அவனுக்குத் தெரியவில்லை.

மன்றத்தில் நற்செய்திப் புத்தகத்தின் மேல் கைவைத்து நின்றான்.

"லிகினாவுல எத்தன குடும்பம்?" என்று கேட்டார் செயலர்.

"யாரும் இல்ல."

"கோயிலு?"

"துருக்கியரு அதுல குதிர கட்டறாங்க."

வயதான ஆயர்கள் உச்சுக்கொட்டினார்கள். அர்செனியோஸ் நகரத்திலேயே தங்கலாம் என்று முடிவானது. பிறகு அவர் எழுந்து, நிகானுக்குப் பட்டம் தர அனுமதி கேட்டார்.

செயலர் நிமிர்ந்தார். "எந்த ஊருக்கு?"

"லிகினாவுக்கு."

"யாரும் இல்லன்னு இப்பத்தான இவரே சொன்னாரு. குதிரைங்களுக்கா பூசை வைக்கப் போறாரு?"

யாரோ சிரித்தார்கள். இப்படி ஒரு கேள்வி வரும் என்று இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை.

"இருக்காங்க!" என்று கத்தினான் நிகான். "இருநூறு அடுப்பு! நான் சொன்னது பொய்! ஆண்டவரே, சொல்லுங்க!"

அர்செனியோஸ் தரையைப் பார்த்தார்.

செயலர் எழுந்து வந்து நிகானின் தோளைத் தொட்டார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. "அழாதப்பா. ஊர விட்டவங்க எல்லாரும் இப்படித்தான் பேசறாங்க. போன மாசம் ஒருத்தர் அவரு ஊர்ல இன்னும் மணி அடிக்குதுன்னாரு."

நிகான் பட்டமில்லாமலே கிழக்கே திரும்பி நடந்தான். லிகினாவின் பாலம் வரைக்கும் ஊரே எதிரே வந்திருந்தது.

"பட்டம் கெடச்சுதா?" என்று கேட்டாள் மனைவி தெக்லா.

அவள் கூட்டத்தின் முன்னால் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கிழவர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள்.

"கெடச்சுது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பத்தைக் கையிலெடுத்து, கோஸ்மாஸ் சாமி சொன்ன சொற்களைச் சொன்னான். அது வெறும் ரொட்டி என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஊரே கண்மூடி வாங்கி உண்டது. கட்டிலில் கிடந்த கிழவர் அழுதார். நிகான் தன் துண்டை விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்திருந்தான்.